அழகரின் அரைப் படங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கொழும்பில் ஏதாவதொரு தெருவோரத்தில் உட்கார்ந்து படம் கீறுவோம். கண் முன்னால் இருப்பதை அந்த இடத்திலேயே கீற வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோடிக்கக் கூடாது. எங்கள் கூட்டத்துக்கு இருக்கிற ஒரே சட்டம் அதுதான். அதை நான் மீறினேன். அழகரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் என் மடத்தனத்தை ஒளித்துவைத்துக்கொண்டு அந்த மனிதரைப் பற்றி எழுத முடியாது.

என் பெயர் யோகேஸ்வரி. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். வங்கியில் முப்பத்துமூன்று வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகு, சும்மா இருந்தால் அயலவர்களோடு சண்டை பிடிப்பேன் என்று பயந்து தூரிகையைக் கையில் எடுத்தவள். ஜெர்மனியில் இருக்கும் பெறாமகள், என் தங்கையின் மகள், அனுப்பிய வர்ணப்பெட்டி, மடக்குக் கதிரை, பெரிய குடை, தண்ணீர்ப் போத்தல் இரண்டு என்று என் சாமான்கள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போதும். இத்தனையையும் காவிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. அதனால் ஞாயிறு தோறும் அழகரின் ஆட்டோவைக் கூப்பிடுவேன்.

அழகருக்கு ஐம்பத்தெட்டு வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பதினாறு வயதில் கொழும்புக்கு வந்தவர். ஐந்துலாம்புச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார், புறக்கோட்டையில் மூட்டை சுமந்தார், கடைசியில் ஆட்டோ ஓட்டினார். வீடு கொட்டாஞ்சேனையில். ஆனால் அவர் ஹயருக்கு, அதாவது சவாரிக்கு, நிற்பது வெள்ளவத்தையில். அவருடைய மனைவி பழனியம்மா வெள்ளவத்தை வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தார். காலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிப் போக வசதியாக இருக்கட்டும் என்று இங்கேயே நிற்கத் தொடங்கி, பிறகு இந்த ஊர் ஆளாகவே ஆகிவிட்டார். ஹோர்ன் அடிக்க மாட்டார். கதையும் குறைவு. எதைச் சொன்னாலும் "சரிங்கக்கா" என்பார், அதில் சம்மதம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் பழனியம்மா வீட்டுப் படியில் விழுந்துவிட்டார். அவர்கள் இருப்பது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. செங்குத்தான சீமெந்துப் படிகள், ஐம்பத்துநாலு. லிப்ட் கிடையாது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் விளிம்பு உடைந்த ஒரு படி ஈரமாக இருந்திருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நடந்து, நாலு பேர் கதிரையோடு தூக்கி மேலே கொண்டுவந்து விட்டார்கள். அதோடு பழனியம்மா கீழே இறங்கவில்லை.

நடக்க முடியாமல் இல்லை. டொக்டர், படி ஏறலாம், இறங்கலாம், ஏறி இறங்கினால்தான் நல்லது என்று சொல்லிவிட்டார். பழனியம்மா வீட்டுக்குள் நடப்பார், சமைப்பார், துணி துவைப்பார். வாசல் கதவு வரைக்கும்தான் எல்லாம். படியைக் கண்டால் கைகால் நடுங்கிவிடும். வத்தளையில் கட்டிக்கொடுத்த மகள் வந்து அழுது பார்த்தாள். கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். நானும் ஒருநாள் அப்பிள் வாங்கிக்கொண்டு போய் நீளமாகப் புத்தி சொல்லிவிட்டு வந்தேன். பழனியம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கதவடியில் நின்றே என்னை வழியனுப்பினார்.

அந்த நாட்களில்தான் அழகர் படம் கீறத் தொடங்கினார். காலிமுகத்திடலில் நான் கடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று ஒரு தாள் கேட்டார். கொடுத்தேன். என்னைப் பார்த்து ஆசைப்படுகிறார் என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. அடுத்த கிழமை அவரே ஒரு சி.ஆர். கொப்பியும் நீலப் பேனாவும் வாங்கியிருந்தார். கோடு போட்ட கொப்பி, கணக்கு எழுதுகிற பேனா. வர்ணம் கிடையாது, அழிறப்பர் கிடையாது. மூன்று மாதத்தில் அவர் கீறிய படங்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்துவிட்டது. ஒளிப்பானேன், நல்ல பொறாமை. மீன் வெட்டுகிறவரின் முதுகு வளைந்திருப்பதை நாலு கோட்டில் கொண்டுவருவார். நான் நாற்பது கோடு போட்டால் அது சாக்கு மூட்டை மாதிரி இருக்கும்.

இல்லாததைக் கீற மாட்டார். என் படத்தில் வெறும் இடம் இருந்தால் ஒரு காகத்தையோ தென்னையையோ வைத்து நிரப்புவது என் பழக்கம். அவர் அதைப் பார்த்து, "அங்க காக்கா இல்லீங்களேக்கா" என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டார். நான் அன்றைக்கு முழுதும் அவரோடு கதைக்கவில்லை.

ஆனால் அவருடைய படங்களில் ஒன்றுகூட முழுசாக இல்லை. கொட்டாஞ்சேனை லூசியா பேராலயத்தின் குவிமாடம் அரைவாசி. சந்தையில் மீன் வெட்டுகிறவருக்குத் தலை இல்லை. வெள்ளவத்தை ஸ்டேஷன் பிளாட்போமில் ஒரு குடும்பம் ரயிலுக்கு நிற்கும், ரயில் வரும் பக்கம் வெறும் கோடு போட்ட தாள். ஏன் என்று கேட்டால், "ஹயர் வந்துருச்சுங்கக்கா" என்பார். ஆட்டோக்காரனின் படம் ஹயர் வரும் வரைக்கும்தானே என்று நானும் நம்பினேன். ஒருநாள் மரைன் டிரைவில் ஒரு மணித்தியாலம் ஒருவரும் வராமல் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே கண்டேன். அன்றைய படமும் அரைதான். கண்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன மாசியில் எங்கள் கூட்டம் ஹெவ்லொக் டவுனில் ஒரு மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைப்பதென்று முடிவாயிற்று. கூட்டத்தை நடத்துகிறவள் ஷிம்னா. கட்டடக் கலைஞர், முப்பத்தைந்து வயது, தெஹிவளைப் பிள்ளை. கொச்சிக்கடையில் கீறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, அழகரின் கொப்பியை வாங்கிப் புரட்டியவள் அப்படியே ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இவருடைய படங்கள் குறைந்தது பன்னிரண்டு வேண்டும், ஆனால் கொஞ்சம் முழுசாக்கித் தந்தால் நல்லது என்றாள். அழகர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அது மாட்டேன் என்கிற தலையாட்டல் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு கை அமைந்த மனிதர், ஒரு பின்னேரம் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தால் கொழும்பு முழுக்கப் பார்க்குமே, இந்தப் பிடிவாதம் எதற்கு என்று. வெள்ளிக்கிழமை காலையில் அவரிடம், ஷிம்னாவுக்குப் போட்டோ பிடித்து அனுப்ப வேண்டும், கொப்பியை நாளைக்குத் தருகிறேன் என்றேன். அவர் தயங்கினார். சாயங்காலம் பழனியம்மா கேட்பார் என்றார். ஒரு நாளைக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று நான் கொப்பியைக் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் அதே நீலப் பேனாவில் ஒன்று வாங்கினேன். பேராலயக் குவிமாடத்தின் மற்றப் பாதியைக் கீறினேன். மீன் வெட்டுகிறவருக்குத் தலை வைத்தேன். மூன்றாவதாக ஒரு ஒழுங்கைப் படம். எங்கள் பக்கத்து ஒழுங்கைதான், கடல் பக்கம் இறங்குகிற ஒடுங்கிய தெரு. ஒரு மதில், கேற், சாய்த்து வைத்த சைக்கிள், பின்னால் புதிதாக எழும்பிய தொடர்மாடியின் மூன்று தட்டு. வலப்பக்கம் வெறுமை. அந்த ஒழுங்கையால் நான் தினமும் கோயிலுக்குப் போகிறவள். மதிலுக்கு வலப்பக்கம் என்ன நிற்கிறது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷம். கடற்கரை ஒழுங்கைதானே என்று ஒரு தென்னையை வைத்தேன். நல்ல வளைவாக, ஓலை எல்லாம் காற்றில் பறக்கிற தென்னை. எனக்கே பிடித்திருந்தது. சனிக்கிழமை கொப்பியைக் கொடுத்தபோது அவரை ஒரு ஹயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. பார்க்காமலே சீட்டுக்கடியில் வைத்துவிட்டுப் போனார். ஆச்சரியப்படட்டும் என்று நான் சிரித்துக்கொண்டே மேலே ஏறினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அழகர் போன் எடுத்தார். அவர் தானாகப் போன் எடுப்பதே அதிசயம். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நீங்க முடிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஹயர் வந்ததால் ஒரு படமும் அரையில் நிற்கவில்லை. அவர் வேண்டுமென்றே அரையில் நிறுத்தினார். ஒவ்வொரு சாயங்காலமும் தேத்தண்ணி குடிக்கும்போது பழனியம்மா கொப்பியைத் திறப்பார். இந்த மனுசனுக்குத் தலை எங்கே, அந்த ரயில் வந்ததா என்று கேட்பார். அழகர், மிச்சத்தை வந்து பார் என்பார். படி இறங்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு வருடமாக இப்படி ஒவ்வொரு பாதியாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு கிழமைக்கு முன்னால் கொண்டுபோனதுதான் அந்த ஒழுங்கைப் படம். அந்த மதிலுக்குப் பின்னால் முன்பு இருந்த வீட்டில்தான் பழனியம்மா பதினொரு வருடம் சமைத்தார். வீட்டுக்காரர் அவுஸ்திரேலியா போக, வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டினார்கள். வலப்பக்க மூலையில் பழனியம்மா கையால் வைத்த ஈரப்பலா மரம் ஒன்று இருந்தது. மரம் இருக்கிறதா, வெட்டிவிட்டார்களா என்று அன்றிலிருந்து ஒரே கேள்வி. அழகர் வாய் திறக்கவில்லை. பழனியம்மா கதவைத் தாண்டி வந்து நின்றார். வியாழக்கிழமை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. திரும்பி ஏறிப் போய்விட்டாலும், நாளைக்கு மூன்று படி என்று சொல்லியிருக்கிறார்.

அந்த நாளைக்குத்தான் கொப்பி என்னிடம் இருந்தது. அடுத்த நாள் திறந்தால் மரம் நின்ற இடத்தில் என் தென்னை. மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று பழனியம்மா கொப்பியை மூடி வைத்துவிட்டு அழுதிருக்கிறார். மரம் இருக்கிறது, தென்னையைத் தான் கீறவில்லை என்று அழகர் சொல்லியும் நம்பவில்லை. இத்தனை நாளும் இல்லாததை அவர் கீறியதே இல்லையே, இப்போது மட்டும் ஏன் கீறப் போகிறார். இனி இறங்கி என்னத்தைப் பார்க்க என்று பாயில் படுத்தவர் எழும்பவில்லை. "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்றார் அழகர்.

முதலில் அந்த ஒழுங்கைக்கு ஓடினேன். வலப்பக்க மூலையில், மதிலுக்கு மேலே, கை விரித்த மாதிரிப் பெரிய இலைகளோடு ஈரப்பலா நிற்கிறது. எத்தனை வருடமாக இதன் நிழலில் நடந்து கோயிலுக்குப் போகிறேன். வெட்கத்தில் என் கண் கலங்கியது. போனில் நாலைந்து போட்டோ பிடித்துக்கொண்டேன். அழகரிடம் இருப்பது கதைக்க மட்டும் உதவுகிற பட்டன் போன். என் போனைக் காட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போய் ஐம்பத்துநாலு படியும் மூச்சு வாங்க ஏறினேன். பழனியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. அழகர் அவருக்குப் பின்னால் அடுப்படிக் கதவில் நின்றார். நான் நின்றபடியே சொன்னேன்.

"தென்னையை நான்தான் கீறினனான், பழனியம்மா. அவர் இல்லை. உங்கட மரம் நிக்குது, நான் இப்பதான் பாத்திட்டு வாறன்."

பழனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆறுதல் சொல்ல ஆள் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். நான் கைப்பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தேன். அப்போது அழகர் தலையை ஆட்டினார். மிகவும் மெல்ல, ஒரே ஒரு தடவை. அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும்.

போன் கையில் சூடாக இருந்தது. எதிரில் ஒருத்தி விடிய விடிய அழுதிருக்கிறாள், அதை நிறுத்துகிற மருந்து என் விரலுக்குள் இருக்கிறது. காட்டினால் அழுகை நிற்கும். ஆனால் பார்க்க வேண்டிய மிச்சமும் அதோடு முடிந்துவிடும். இந்த மனிதருடைய இரண்டு வருடத்தை ஏற்கெனவே ஒருமுறை கெடுத்தவள் நான். போனைப் பைக்குள் போட்டேன். அதற்கு வேண்டிய துணிவு எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"நம்பாட்டி நீங்களே வந்து பாருங்கோ" என்றேன்.

"அந்த வழியா தெனம் போற ஆளு நீங்க" என்றார் பழனியம்மா. "எம்மாம் பெரிய மரம், அது கண்ணுல படல. தென்னய கொண்டாந்து நட்டு வச்சிருக்கீங்க. பாத்தத ஒழுங்கா போடத் தெரியாதவங்க சொல்றத நான் எப்படிம்மா நம்புறது?"

எனக்கு ஒருவரும் இப்படி உறைக்கச் சொன்னதில்லை. வங்கியில் மனேஜர்கூடச் சொன்னதில்லை. பதில் சொல்ல வாய் துடித்தது, ஆனால் பழனியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பியதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டேன். மரம் இல்லையென்றால் எங்கள் இரண்டு பேரையும் அங்கேயே வைத்துக் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். செருப்பு இரண்டு வருடமாகக் கட்டிலுக்கடியில் கிடந்து தூசி பிடித்திருந்தது. அழகர் அதை எடுத்துத் தன் சாரத்தில் துடைத்து வைத்தார்.

அவர் முன்னால் பின்பக்கமாக இறங்க, பழனியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் கொப்பியும் கையுமாகப் பின்னால். பத்துப் பன்னிரண்டு படி இறங்கியதும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில், அந்த உடைந்த படிக்கு வந்ததும் நின்றுவிட்டார். கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். ஐந்து நிமிஷம் நின்றிருப்போம். திரும்பி ஏறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அழகர் கையை நீட்டவில்லை, கீழ்ப்படியில் நின்று காத்துக்கொண்டிருந்தார். "தென்ன மரமாம்" என்று பழனியம்மா தனக்குள் சொல்லிக்கொண்டு அந்தப் படியில் காலை வைத்தார். என் வாழ்க்கையில் என் படம் ஒன்றுக்கு இவ்வளவு பிரயோசனம் இருந்ததில்லை.

ஆட்டோவில் பழனியம்மா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒழுங்கையில் இறங்கி மதிலோரமாக நடந்து மூலைக்கு வந்ததும் நின்று மேலே பார்த்தார். காய்கள் ஏழெட்டுத் தொங்கின. மதிலுக்கு மேலால் எட்டி நின்ற கிளையின் இலையொன்றை எட்டிப் பிடித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அழவில்லை. தொடர்மாடிக் காவலாளி வந்து சிங்களத்தில் என்னவென்று கேட்டான். "மே மம ஹிட்டவப்பு கஹ" என்றார் பழனியம்மா, இது நான் நட்ட மரம் என்று. அவன் ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே போய், கொக்கத்தடியோடு வந்து இரண்டு காய் பறித்துக் கொடுத்தான்.

நான் தள்ளி நின்று ஷிம்னாவுக்குப் போன் எடுத்தேன். அழகரின் படங்கள் அரையாகத்தான் வரும், வேண்டுமென்றால் தொங்கவிடு, வேண்டாமென்றால் விடு என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு பழனியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு காயை என் கையில் தந்து, கறி வைக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

நான் வீட்டிலிருந்து எடுத்துவந்த மடக்குக் கதிரையை மதிலோரம் விரித்து அவரை இருத்தினோம். அழகர் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஆட்டோவின் படியில் உட்கார்ந்து கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினார். மதில், கிளை, தொங்குகிற காய்கள், கீழே பழனியம்மாவின் முகம், தோள், மடியில் ஈரப்பலாக்காயைப் பிடித்திருக்கிற கை. பேனா நிற்காமல் ஓடியது. இன்றைக்கு முழுசாக முடிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை மடிப்புக்கு வந்து, முழங்காலுக்கு இறங்கும்போது பழனியம்மா கையை நீட்டிக் கொப்பியின் மேல் வைத்தார்.

"போதுங்க. என் கால நாளைக்கு போடுங்க" என்றார். "நாளைக்கும் நான் எறங்கி வரணும்ல."

அழகர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.